வெறும் தண்ணீர், வெறும் வெயில்

சேதுபதி ரயிலில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். உட்லண்ட்ஸ் நிலையத்தில் ஏறியவர் நியூட்டனில் இறங்கி, வீடு இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு ரயில் மாற வேண்டும். மாறவில்லை. வண்டி கடைசி நிலையத்துக்குப் போய் எல்லோரும் இறங்கிவிட்ட பிறகு, தூங்குகிறார் என்று நினைத்து ஓர் ஊழியர் அவர் தோளைத் தொட்டிருக்கிறார். மடியில் பை, பையின் மேல் இரண்டு கைகள், கண்ணாடித் தடுப்பில் சாய்ந்த தலை. சட்டைகூடக் கசங்கியிருக்கவில்லை.

இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அது அவர் மனைவி லீலாவுக்குப் புரிந்தது. அவர் போன பிறகும் ஆர்ச்சர்டில் கதவு திறந்திருக்கிறது, சிட்டி ஹாலில் திறந்திருக்கிறது, பக்கத்து இருக்கையில் யார் யாரோ உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். அதுதான் புரியவில்லை. மாதங்கள் போன பிறகும் ரயிலில் யாராவது தலை சாய்ந்து தூங்கினால் அவள் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுவாள்.

ரயில் ஏறுவதற்கு முன்னால் அவர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். லீலா அப்போது நூலகத்தில் வேலையில் இருந்தாள். புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்க, மேசைக்கடியில் கைபேசியை வைத்து ஒரு கண்ணால் பார்த்தாள். தண்ணீருக்குள் ஒரு கண்ணாடித் தகடு. அதன் மேல் வெயில். தகட்டிலிருந்து குமிழிகள் சரம் சரமாக ஏறிக்கொண்டிருந்தன. பின்னால் அவருடைய குரல், மூச்சு வாங்க:

"லீலா, பாத்தியா? வெறும் தண்ணி. வெறும் வெயில். வேற ஒண்ணுமே இல்ல."

அவள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தாள். சாயங்காலம் வந்து கதை கதையாகச் சொல்வார், அப்போது நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் எரியத் தொடங்கிய நேரத்தில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரே பைத்தியம் இப்படிப்பட்ட தகடுதான். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய பொடியைக் கண்ணாடியில் பூசி, தண்ணீரில் வைத்து, வெயிலில் காட்டினால், தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வர வேண்டும். அதை எரித்தால் புகை கிடையாது, மறுபடியும் தண்ணீர்தான். "ஒரு கரண்டிப் பொடியோட பரப்பைப் பிரிச்சு விரிச்சா ஒரு பந்து மைதானம் தேறும், தெரியுமா?" என்பார், குழம்பில் மிளகாய்ப்பொடி போடும்போதுகூட. உள்ளபடிக்கு வந்ததெல்லாம் கடுகு கடுகாக ஒன்றிரண்டு குமிழிகள். அதற்கே வீட்டில் பாயசம் கேட்பார். சரம் சரமாக வந்தது அந்த ஒரு தகட்டில், அந்தச் சில நாட்களில் மட்டும்தான்.

ஒருநாள் சந்தோஷப்பட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார் என்பதை லீலா பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. அழைத்துப் பேசுகிறவர்களிடமெல்லாம் கடைசியில் அதைத்தான் சொன்னாள்: "அவர் தேடினது அவருக்குக் கிடைச்சிடுச்சு."

டாரியஸ் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு. சேதுபதியின் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைப்பவன். அவரை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன், அதனால் லீலா அவனுக்கு அண்ணி. தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த அடுக்குமாடி வீட்டுக்கு அவன் முன்பெல்லாம் வாரம் தவறாமல் வருவான். சாவுக்குப் பிறகு வருவது குறைந்திருந்தது.

"இளைச்சுப் போயிட்டியேடா. சாப்பிடுறியா இல்லையா?"

"எங்க லேப்ல காத்துதான் அண்ணி விளையும். இப்ப அதுவும் விளையல." சிரிக்கப் பார்த்தான். "சாப்பாடெல்லாம் வேணாம். ஒரு தே ஓ போதும்."

பாலில்லாத தேநீரை வைத்ததும் அவன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தான். மேலே சுற்றியிருந்த துணியைப் பிரிப்பதற்கு முன்பே லீலாவுக்குத் தெரிந்துவிட்டது. ஓரமெல்லாம் கறுப்பு ரப்பர் போட்ட, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு சதுரக் கண்ணாடி. வீடியோவில் பார்த்தது.

"வெளிய கொண்டு வரக் கூடாது. எட்மண்ட் சாருக்குத் தெரிஞ்சா என் தலை போயிடும்லா. ஆனா உங்ககிட்ட நேர்ல காட்டிக் கேக்கணும்னு தோணுச்சு."

எட்மண்ட்தான் ஆய்வுக்கூடத்தின் தலைவர். சாவு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசிவரை நின்றுகொண்டே இருந்த மனிதர். அவர் இப்போது இந்தத் தகட்டைப் பற்றி ஒரு பெரிய மாநாட்டில் அறிவிக்கப் போகிறார், அதற்குச் சேதுபதியின் பெயரையே வைக்கப் போகிறார் என்றான் டாரியஸ். லீலாவுக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் சொன்னவன் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"என்னடா?"

"மறுபடி செய்ய முடியல அண்ணி. அண்ணன் எழுதி வெச்ச மாதிரியே எத்தனையோ தகடு செஞ்சு பாத்துட்டேன். அதே பொடி, அதே சூடு, அதே தண்ணி. எல்லாம் பழைய கதைதான், கடுகு கடுகா. இந்த ஒண்ணுதான் கொட்டுச்சு. அண்ணன் போனப்புறம் இதுவும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு நின்னுபோச்சு."

"அப்படின்னா?"

"அப்படின்னா இதுல அண்ணன் வேற ஏதோ சேத்திருக்கார். எழுதாம." டாரியஸ் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இதுல ஒரு சாயம் இருக்கு அண்ணி. மஞ்சளும் சிவப்புமா. சாயம் சேத்தா பொடி வெயிலை இன்னும் நல்லா பிடிக்கும்னு உலகத்துல நிறைய பேர் வேலை பாக்குறாங்க. அண்ணன் அந்த ரகசியத்தைக் கண்டுபிடிச்சிட்டு யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தார்னு எட்மண்ட் சார் நினைக்கிறார். வேற சில பேர் வேற மாதிரி பேசுறாங்க."

"வேற மாதிரின்னா?"

அவன் தேநீரைக் குடித்தான். "வேணும்னே மறைச்சார். வேற எடத்துக்குக் கொண்டு போக இருந்தார். அப்படி."

மின்தூக்கியில் கூட வருகிறவர்களுக்குக்கூடப் பொடி செய்யும் விதத்தைப் பாடம் எடுக்கிற மனிதர் அவர். பக்கத்து வீட்டு முபாரக் ஒரு தடவை, "சார், உங்க பொடிய நானே இப்ப செஞ்சிடுவேன் போலிருக்கு, பிரியாணி மசாலாவ விட ஈசியா இருக்கு" என்று சிரித்தார். அப்பேர்ப்பட்ட ஆள் மறைத்தாராம்.

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா அண்ணி? ஏதாவது ஒரு பேர், ஒரு கடை, ஒரு புட்டி? எட்மண்ட் சார் என் தீசிஸையே இதுக்கு மாத்திட்டார். இன்னும் ரெண்டு மூணு வருஷம் நான் இந்தச் சாயத்தைத்தான் தேடணும். இதைக் கண்டுபிடிச்சாதான் எனக்குப் பட்டம்."

"என்கிட்ட என்ன சொல்வார்? எனக்குத் தெரிஞ்சது வெயிலும் தண்ணியும்தான்."

"அதுலயும் ஒரு விஷயம் எனக்குச் சுத்தமா புரியல." டாரியஸ் தகட்டை அவள் பக்கம் திருப்பினான். ரப்பர் விளிம்பைக் கட்டைவிரலால் கொஞ்சம் விலக்கிக் காட்டினான். இடுக்கில், கண்ணாடியும் ரப்பரும் சேரும் இடத்தில், ஊசிமுனை அளவு சிவப்பு. "இங்க இருக்கா? இந்த மூலையிலயும் இருக்கு. இதோ, இதோ. நாலு மூலையிலயும் இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல. நாலு மூலையில மட்டும் எதுக்கு வெச்சார்? நானும் எட்மண்ட் சாரும் இதுக்கு மண்டைய உடைச்சிக்கிறோம். ஏதோ ஒரு டிசைன்னு ஒரு மீட்டிங்கே போட்டாச்சு."

லீலா அந்தச் சிவப்பைப் பார்த்தாள். அடுத்த மூலையைப் பார்த்தாள். உலகம் சுற்றிப் படித்தவர்கள் கூட்டம் போட்டு யோசித்ததை, புதுச் சைக்கிள் வாங்கிய எந்தத் தமிழ் வீட்டிலும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஒரு பொருளின் நாலு மூலையிலும் எதை வைப்பார்கள்? டாரியஸ் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அவர்கள் வீட்டில் புதுக் காரைப் பாதிரியார் மந்திரித்துத் தண்ணீர் தெளிப்பார். அவன் எப்படிக் கண்டுகொள்வான்?

"அண்ணி? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா. தலை சுத்துது. காலையிலேர்ந்து சாப்பிடல."

சொல்லவில்லை. அவன் தகட்டைத் துணியில் சுற்றிப் பையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மின்தூக்கிக்கு நடக்கும் வரை அவள் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அவர் இறந்ததற்கு முந்தின நாள் சரஸ்வதி பூசை. சேதுபதிக்குச் சாமி விஷயத்தில் பெரிய அக்கறை கிடையாது. பொரியும் சுண்டலும் உண்டு என்பதற்காகக் கூடவே சுற்றுவார். மறுநாள் காலையில் உட்லண்ட்ஸில் சோதனை நடக்கும் மொட்டைமாடிக்கு நேராகப் போக வேண்டுமென்று ஆய்வுக்கூடத்திலிருந்து அந்தத் தகட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். தெம்பனிஸிலிருந்து அவருடைய தங்கை சுஷ்மிதா வந்திருந்தாள். அண்ணன் வீட்டுப் பூசையில் பொட்டு வைப்பது எப்போதும் அவள் உரிமை. அவர் சிரித்துக்கொண்டே தகட்டைப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்து, "இதுவும் என் ஆயுதம்தானே, இருந்துட்டுப் போகட்டும். ஆனா கவரைப் பிரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வாழையிலை வாங்கக் கீழே போனார்.

லீலா அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து சுஷ்மிதாவின் குரல் கேட்டது. "என்ன அண்ணி இது, பிளாஸ்டிக் கவருக்கா பொட்டு வைப்பாங்க? கவர் வேலை செய்யுதா, கண்ணாடி வேலை செய்யுதா?"

"அவர் திட்டப் போறார்."

"திட்டட்டும். நல்லது நடந்தா பொட்டாலதான்னு சொல்வேன்."

லேப்டாப்புக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு, மிக்ஸிக்குப் பொட்டு. கவரிலிருந்து வெளியே எடுத்த கண்ணாடிக்கும் நாலு மூலையிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். பிறகு அழகாகக் கவருக்குள் போட்டு வைத்துவிட்டாள். மறுநாள் காலை மறுபூசை முடித்துப் பொருள்களை எடுக்கும்போதுதான் லீலா அதைக் கவனித்தாள். சேதுபதி குளித்துக்கொண்டிருந்தார். காலையில் ஒரு சண்டை வேண்டாம் என்று ஈரத் துணியால் நாலு பொட்டையும் துடைத்தாள். சந்தனம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது, கண்ணாடி முழுக்கத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினாள். கவரில் போட்டுக் கையில் கொடுத்தாள். அவர் போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு அவள் அதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. நினைப்பதற்கு அதில் என்ன இருந்தது?

டாரியஸ் வந்து போன மறுநாள் லீலா வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு தெம்பனிஸுக்குப் போனாள். சுஷ்மிதா அங்கே ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். மதியச் சாப்பாட்டு வேளையில் காப்பிக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். லீலா நடந்ததைச் சொல்லிமுடிக்கும் வரை சுஷ்மிதா முள்கரண்டியை மீ கோரெங் நூடுல்ஸில் குத்தியபடி வைத்திருந்தாள்.

"அப்ப என் பொட்டுலதான் வேலை செஞ்சுதுங்கிறீங்களா?" முகம் ஒரு நொடி மலர்ந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல அண்ணி?"

"அப்படி இல்ல சுஷ். தப்பா ஏதோ கலந்து போச்சுன்னு நினைக்கிறேன். அந்தச் சந்தனம் எங்க வாங்கினே?"

"கேம்பல் லேன்ல. டப்பாவுல வருமே, இழைக்க வேணாம். மாசக்கணக்கா காயாதுன்னு கடைக்காரர் சொன்னார்." கைப்பையைத் துழாவி ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். "பாருங்க, அதே டப்பாதான். கோயிலுக்குப் போனா வெச்சுக்குவேன். இன்னும் ஈரமா இருக்கு."

லீலா ஒரு விரலால் தொட்டாள். சந்தனம் குளிர்ந்து, பிசுபிசுவென்று ஒட்டியது. இத்தனை மாதம் காயாமலிருக்க அதில் என்ன போட்டிருப்பார்கள்?

"இதை டாரியஸ்கிட்ட சொல்லணும்" என்றாள்.

சுஷ்மிதா டப்பாவைப் பட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எதுக்கு? மாநாட்டுல அண்ணன் பேரை வைக்கப் போறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? பிள்ளை குட்டி இல்ல. சொந்தமா ஒரு புத்தகம் எழுதல. நாளைக்கு எங்க அண்ணன்னு காட்ட என்ன இருக்கு? இது ஒண்ணுதான் இருக்கு. அதையும் போய் கலைக்கணுமா?"

"மறைச்சிட்டார்னு பேசுறாங்க."

"பேசட்டும். மறைச்சு வெச்ச மேதைன்னு பேசட்டும். பொட்டு வெச்சதுல குமிழி வந்துச்சு, அதைப் பாத்து ஏமாந்தார்னு சிரிக்கறதுக்கு இது மேல் இல்லையா?"

பக்கத்து மேசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுஷ்மிதா குரலைத் தணித்தாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணி, என் கையாலயா?"

லீலா தன் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்தாள். சுஷ்மிதா கை மட்டுமா? துடைத்துப் பரப்பியது யார் கை? வரும் வழியெல்லாம் அந்த ஈரத் துணி கையிலேயே இருப்பது போலத்தான் இருந்தது. சுஷ்மிதா சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பேசாமல் இருந்துவிட்டால் அந்த வீடியோ வீடியோவாகவே இருக்கும். அவர் தேடினது அவருக்குக் கிடைத்துவிட்டது என்று இன்னும் சொல்லிக்கொள்ளலாம்.

"டாரியஸ் தேடிக்கிட்டிருக்கான்" என்றாள் கடைசியில். "சந்தனத்தைத் தேடிக்கிட்டிருக்கான், அது சந்தனம்னு தெரியாம. இன்னும் ரெண்டு மூணு வருஷம் தேடுவானாம். உங்க அண்ணன் உயிரோட இருந்து இதைப் பாத்தா என்ன பண்ணுவார்?"

தட்டில் நூடுல்ஸ் ஆறிப்போயிருந்தது. சுஷ்மிதா டப்பாவை எடுத்தாள். கொடுக்கப் போகிறாள் என்று லீலா கை நீட்டினாள். அவள் அதைத் தன் கைப்பைக்குள்ளேயே போட்டு மூடினாள்.

"நானே கொண்டு வரேன். வெச்சவ நான்தானே."

உட்லண்ட்ஸில் அந்தச் சோதனை இடம் ஒரு பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சியில் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பாலமும், பாலத்தில் நகராமல் நிற்கும் லாரிகளும், அதற்கப்பால் எல்லை தாண்டி ஜொகூரின் கட்டடங்களும் வெயிலில் மங்கித் தெரிந்தன. லீலா அங்கே வருவது அதுதான் முதல் தடவை. கூப்பிடும்போதெல்லாம் வெயில் என்று தட்டிக் கழித்திருக்கிறாள்.

தொலைபேசியில் அவள் சொன்னபோது டாரியஸ் "நாலு மூலை" என்று மட்டும் சொன்னான். இப்போது டப்பாவைத் திறந்து முகர்ந்து, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தான்.

"காயாம இருக்க கிளிசரின் போட்டிருப்பாங்க" என்றான். "போச்சு. அதான்."

"எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் சுஷ்மிதா.

"வெயில் பட்டா பொடி ரெண்டு வேலை செய்யணும்க்கா. ஒரு கையால ஹைட்ரஜனைப் பிரிக்கணும், இன்னொரு கையால ஆக்சிஜனைப் பிரிக்கணும். அந்த ரெண்டாவது வேலைதான் உயிரை வாங்கும். கிளிசரின் மாதிரி எதாவது பக்கத்துல இருந்தா பொடி அந்த வேலைய விட்டுட்டு அதைத் தின்னுடும். அப்புறம் ஹைட்ரஜன் கொட்டும். அது தீர்ற வரைக்கும்."

"பொட்டு வெச்சது தெரியாம அண்ணன் தகட்டைக் கழுவாமலா போட்டார்?"

"லேப்ல கழுவி கவர் போட்டுட்டா மறுபடி கழுவக் கூடாதுன்னு ரூல். அவரே போட்ட ரூல்தான்."

இரண்டு தொட்டிகளில் தண்ணீர் ஊற்றினான். புதுத் தகடுகள் இரண்டை வைத்தான். ஒன்றை அப்படியே முக்கினான். மற்றொன்றைச் சுஷ்மிதாவிடம் நீட்டினான்.

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். மோதிர விரலால் சந்தனம் தொட்டு நாலு மூலையிலும் வைத்தாள். குங்குமம் கொண்டுவந்திருந்தாள், அதையும் வைத்தாள். வீட்டில் செய்வது போலவே, ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் இடையில் கண்ணை ஒருமுறை மூடித் திறந்து. பிறகு லீலா துடைத்தாள். அன்று துடைத்தது போலவே ஓர் ஈரத் துணியை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடி பளபளத்தது.

மூவரும் குனிந்து நின்றார்கள். முதலில் ஒன்றும் இல்லை. வெயில் பிடரியில் சுட்டது. சுஷ்மிதாவின் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது, லீலா பார்த்தாள். தப்பாக இருக்கட்டும், எல்லாம் தப்பாக இருக்கட்டும் என்ற நம்பிக்கை.

அப்புறம் ஒரு குமிழி. பக்கத்தில் இன்னொன்று. ஒரு மூலையிலிருந்து நூல் இழுத்தது போல ஒரு சரம், அடுத்த மூலையிலிருந்து ஒன்று, பிறகு கண்ணாடி முழுக்க. பொரி பொரியாகக் கிளம்பி ஏறி உடைந்தன.

வீடியோவில் இருந்தது இதுதான். சாய்ந்து சாய்ந்து ஏறுவதுகூட அதே போல. அவள் கைபேசியில் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், இது எங்கே தொடங்கும், எங்கே தடிக்கும் என்று மனப்பாடம். இப்போது பின்னால் அவர் குரல் மட்டும்தான் இல்லை. வேற ஒண்ணுமே இல்ல என்று சொன்ன அந்த மனிதருக்குக் கீழே, தண்ணீருக்குள், அவளும் சுஷ்மிதாவும் இருந்திருக்கிறார்கள்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றாள் சுஷ்மிதா. குரல் யாருடையதோ போலிருந்தது.

"தெரிஞ்சிருக்கும். ஆக்சிஜன் அளக்கற கருவியை மறுநாள் மாட்டறதா இருந்தார். ஆக்சிஜன் வரலைன்னு பாத்ததுமே புரிஞ்சிருக்கும். உடனே என்னைத்தான் திட்டியிருப்பார், தகட்டை எங்கடா வெச்சேன்னு." டாரியஸ் சிரித்தான், சிரிப்பு பாதியில் உடைந்தது. "நாங்க அதை மாட்டும்போது தகடே ஓய்ஞ்சு போச்சு. கெட்டுப்போச்சுன்னு நினைச்சோம்."

ஆக, அவர் ஏமாந்தவராகவும் இல்லை, மறைத்தவராகவும் இல்லை. ஒரு நாள் பாக்கி. அந்த ஒரு நாளுக்கு முன்னால் ரயில் ஏறிவிட்டார், அவ்வளவுதான். லீலா இதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று யோசித்தாள். முடியவில்லை. நெஞ்சுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது. அவர் போனதாகச் செய்தி வந்த அன்று இருந்தது போலவே.

டாரியஸ் சற்றுத் தள்ளிப் போய் எட்மண்டுக்குத் தொலைபேசி செய்தான். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினான், நடுவில் பொட்டு என்ற சொல் வந்தது, அதற்கு ஆங்கிலம் கிடைக்காமல் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். பிறகு கேட்டுக்கொண்டே நின்றான். திரும்பி வந்தபோது, "மாநாட்டுல அறிவிக்கறத நிறுத்திடறாராம்" என்றான். "சேதுபதி ஒரு நாளும் மறைக்க மாட்டான்னு எனக்குத் தெரியும், ஆனா மறைச்சிருந்தா நல்லாருக்கும்னு ஆசைப்பட்டேன்னார். அதோட வெச்சிட்டார்."

சுஷ்மிதா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. "இது எப்ப நிக்கும்?"

"சந்தனம் தீர்ந்தா நின்னுடும்க்கா."

அவள் தலையாட்டினாள். டப்பாவின் மூடியைத் திருகி மூடினாள். கைப்பையில் போடவில்லை, வேலியோரம் சிமெண்டுத் திட்டில் வைத்துவிட்டு, தொலைவில் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோள்கள் குலுங்கின. லீலா போய் அணைத்துக்கொள்ளவில்லை.

டாரியஸ் சாமான்களை எடுத்துவைக்கத் தொடங்கினான். மற்றத் தொட்டியின் பக்கம் அவன் கை போனபோது லீலா கேட்டாள்:

"அது என்னடா?"

"அது சும்மா அண்ணி. பொட்டு வைக்காதது. ஒப்பிட்டுப் பாக்க வெச்சேன்."

"அதுல ஒண்ணும் வராதா?"

"வரும். எப்பவும் வர்றதுதான். ஆக்சிஜனும் சரியா வரும் அதுல, கணக்கு ஒத்துப்போகும். ஆனா ரொம்ப ரொம்பக் கம்மி. அண்ணன் அத்தனை வருஷமும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தார்."

"எடுக்காதே. இருக்கட்டும்."

அவள் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சிமெண்டு சுட்டது. தண்ணீருக்குள் தகடு வெறுமனே கிடந்தது, அசைவே இல்லை. சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை, யாருடைய கையும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. பின்னால் சுஷ்மிதாவின் விசும்பல் தேய்ந்தது. டாரியஸ் ஒரு குடையை விரித்து லீலாவின் தலைக்கு மேல் பிடித்தான், நிழல் தகட்டின் மேல் விழுந்ததும், "வேணாம், வெயில் படட்டும்" என்றாள். அவன் மடக்கிவிட்டான்.

வெகுநேரத்துக்குப் பிறகு, கண்ணாடியின் நடுவில், கடுகளவு ஒன்று முளைத்தது. ஏறவில்லை. கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. லீலா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.